கேசி ஜோன்ஸ் எப்போது உறங்கினார்?

பெரியோர் வரலாறு என்றதும் நம் மனக்கண்முன் வந்து நிற்பவர்கள் மன்னர்களும் விஞ்ஞானிகளும் நாட்டுத் தலைவர்களுமே ஆவர். இம்மலருக்குக் கட்டுரை எழுதப் பெயர் கொடுத்த என் வகுப்புத் தோழர்களும் அவ்வழியே சென்றார்கள். ஒருவன் சர் சி.வி. இராமனை எடுத்துக்கொண்டான், ஒருத்தி மேரி கியூரியைத் தேர்ந்தெடுத்தாள். கரிப்புகையில் முகம் கறுத்த ஓர் அமெரிக்க இரயில் டிரைவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்று நான் சொன்னபோது, மலர்க்குழுப் பேராசிரியர் சிறிது வியப்புடன் காரணம் கேட்டார். என் அப்பா லாரி டிரைவர், ஐயா என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

அந்த டிரைவரின் பெயர் ஜான் லூதர் ஜோன்ஸ். உலகம் அவரைக் கேசி ஜோன்ஸ் என்றே அறியும். 1863ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பிறந்தார். தந்தை ஒரு பள்ளி ஆசிரியர். பிழைப்பைத் தேடிய அக்குடும்பம் கென்டக்கி மாநிலத்தில் கேசி என்னும் சிற்றூரில் குடியேறியது. அவ்வூர்ப் பெயரே பின்னாளில் அவருக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. நம்மூரில் கூலி வேலைக்கு வெளியூர் போகிறவனைச் சொந்தப் பெயர் சொல்லாமல் அவன் ஊரின் பெயராலேயே கூப்பிடுவதில்லையா, அதுபோலத்தான்.

ஆசிரியர் வீட்டுப் பிள்ளை ஆயினும் அவர் மனம் புத்தகத்தில் நிற்கவில்லை. ஊரை ஊடறுத்துச் சென்ற தண்டவாளத்தில் நின்றது. பதினைந்து வயதில் வீட்டைவிட்டுப் புறப்பட்டு, கொலம்பஸ் என்னும் ஊரில் மொபைல் அண்ட் ஒஹாயோ இரயில்வேயில் தந்தி அடிக்கும் வேலையில் சேர்ந்தார். தந்தி மேசையிலிருந்து பிரேக் பிடிப்பவராக, அங்கிருந்து கொப்பறைக்குக் கரி அள்ளிப்போடும் ஃபயர்மேனாக, படிப்படியாக எஞ்சினை நெருங்கிக்கொண்டே போனார். ஆறடி நான்கங்குல உயரம் கொண்ட அம்மனிதர், தாம் தங்கியிருந்த விடுதிக்காரரின் மகள் ஜேனி பிரேடியை விரும்பி, அவளுக்காகக் கத்தோலிக்க சமயத்தில் சேர்ந்து, 1886ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் மணம் புரிந்துகொண்டார். டென்னசி மாநிலத்து ஜாக்சன் நகரில் குடித்தனம், மூன்று குழந்தைகள்.

1887ஆம் ஆண்டுக் கோடையில் மஞ்சள் காய்ச்சல் அப்பகுதியில் பரவியது. (நாம் மஞ்சள் காமாலை என்கிறோமே, அது வேறு, இது கொசுவால் பரவும் கொடுநோய்.) அண்டையிலிருந்த இல்லினாய்ஸ் சென்ட்ரல் இரயில்வேயின் வண்டித் தொழிலாளர்கள் பலரை அந்நோய் வாரிக்கொண்டது. காலியான இடங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. விரைவில் டிரைவர் ஆகலாம் என்ற நம்பிக்கையோடு 1888 மார்ச் முதல் நாள் ஜோன்ஸ் அக்கம்பெனிக்கு மாறினார். 1891 பிப்ரவரி 23ஆம் நாள் அவர் கனவு பலித்தது. எஞ்சினின் வலப்பக்க இருக்கை அவருக்குக் கிடைத்தது.

அவரது திறமைக்கு ஒரு சான்று சொல்லலாம். 1893ஆம் ஆண்டு சிகாகோவில் மாபெரும் உலகக் கண்காட்சி நடைபெற்றது. அங்கே மக்களை ஏற்றிச் செல்லும் வண்டிகளை ஓட்ட ஜோன்சும் அனுப்பப்பட்டார். கண்காட்சியில் புதிதாக வைக்கப்பட்டிருந்த 638 எண்ணுள்ள சரக்கு எஞ்சினை அவர் கண்ணெடுக்காமல் பார்த்தாராம். கண்காட்சி முடிந்ததும் அதைத் தாமே ஓட்டிச்செல்ல அனுமதி கேட்டுப் பெற்று, மிசிசிப்பி மாநிலத்தின் வாட்டர் வேலி வரை 589 மைல் ஓட்டி வந்தார். ஆறு குழல்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு விசிலை அவர் தம் எஞ்சினில் பொருத்தியிருந்தார். மெல்லத் தொடங்கி ஓங்கி எழுந்து மீண்டும் தேய்ந்து மறையும் அவ்வொலியைக் கேட்டே, போவது கேசி ஜோன்ஸ் என்று பாதையோரத்து மக்கள் அறிந்துகொள்வார்கள்.

1895இல் நடந்த நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. மிச்சிகன் சிட்டி என்ற சிறு நிலையத்தை வண்டி நெருங்கியபோது, தண்டவாளத்தைக் கடந்த குழந்தைகளில் ஒரு சிறுமி பயத்தால் நடுவிலேயே உறைந்து நின்றுவிட்டாள். ஜோன்ஸ் ஓடும் எஞ்சினின் முன்முனைக்கு ஊர்ந்து சென்று, கைநீட்டி அவளை வாரி எடுத்துக்கொண்டார்.

இத்தனை சொல்லிவிட்டு இன்னொன்றை மறைத்தால் அது வரலாறு ஆகாது. விதிகளை மீறியதற்காக அவர் ஒன்பது முறை தண்டிக்கப்பட்டார். மொத்தம் 145 நாள்கள் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார். நேரம் தவறக் கூடாது என்பதில் அவருக்கு ஒரு வெறி இருந்தது. அந்த வெறியைக் கம்பெனியும் விரும்பியது. குறித்த நேரத்தில் வண்டியைக் கொண்டு சேர்ப்பவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது. விரைவு வண்டிகள் அப்பேர்ப்பட்டவர்களிடமே ஒப்படைக்கப்பட்டன. வேகமாகப் போனால் பாராட்டு, விபத்து நேர்ந்தால் தண்டனை என்னும் இந்தக் கணக்கு எனக்குப் புதிதன்று. எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என் அப்பாவும் அவர் நண்பர்களும் பேசக் கேட்டுக் கேட்டுப் பழகிய கணக்கு அது.

1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜோன்சுக்கு மெம்பிஸ் நகரிலிருந்து கேன்டன் நகர் வரையிலான பயணிகள் வண்டி கிடைத்தது. சிகாகோவையும் நியூ ஆர்லியன்சையும் இணைக்கும் நெடும்பயணத்தின் ஒரு பகுதி அது. 188 மைல் தொலைவு. சிம் வெப் என்னும் கறுப்பின இளைஞர் ஃபயர்மேனாக உடன் வந்தார்.

ஏப்ரல் 29ஆம் நாள் இரவு. தெற்கு நோக்கிச் செல்லும் முதல் எண் வண்டி மெம்பிசிலிருந்து 11.15 மணிக்குப் புறப்பட வேண்டும். அதை ஓட்டவேண்டிய டிரைவர் வயிற்று வலியால் படுத்துவிட்டார். அவருக்குப் பதிலாக ஜோன்ஸ் அழைக்கப்பட்டார். வண்டியோ வடக்கிலிருந்தே தாமதமாக வந்து சேர்ந்தது. 95 நிமிடம் கழித்து, 12.50 மணிக்கு, 382 எண் எஞ்சினுடன் அது கிளம்பியது. மழை; மூடுபனி; வளைவுகள் நிறைந்த பாதை.

இங்கேதான் நான் நின்று யோசிக்க விரும்புகிறேன். ஜோன்ஸ் எஞ்சினில் ஏறியபோது எத்தனை மணி நேரம் உறங்கியிருந்தார்? அவர் வரலாற்றை எழுதியவர்கள் இதில் இருவேறு கூற்றினராக இருக்கின்றனர். அன்றிரவுதான் அவர் வடக்கு நோக்கி ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டு மெம்பிஸ் வந்தார், ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில் திரும்பவும் அதே பாதையில் அனுப்பப்பட்டார் என்பது ஒரு கூற்று. பலகாலம் பரவி நிற்பதும் இதுவே. இல்லை, அவர் அன்று காலை 6.25 மணிக்கே வந்துவிட்டார், பகல் முழுதும் ஓய்வெடுக்கப் போதிய நேரம் இருந்தது என்பது மற்றொன்று. பின்னதைச் சொல்பவர்கள் அத்துடன் களைப்பைப் பற்றிய பேச்சு முடிந்துவிட்டதாகவே கருதுகிறார்கள்.

பகலில் உறங்குவது எத்தகையது என்பதை அவர்கள் எங்கள் வீட்டில் வந்து பார்த்திருக்க வேண்டும். அப்பா நான்கு நாள் ஐந்து நாள் லோடு அடித்துவிட்டு விடியற்காலையில் வந்து படுப்பார். தகரக் கூரை, பத்து மணிக்குமேல் உள்ளே இருக்க முடியாது. எதிர்வீட்டில் மாவரைக்கும் சத்தம். அம்மா எங்களை வாய்பொத்தி நடமாடச் சொல்வார். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அப்பா எழுந்து தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பார். மாலையில் லாரி ஆபீசிலிருந்து போன் வரும்போது, பகலெல்லாம் தூங்கினாயே, கிளம்பலாமா என்றுதான் கேட்பார்கள். படுத்திருந்த நேரத்தையெல்லாம் உறங்கிய நேரமாக எழுதிக்கொள்ளும் கணக்கு அது. நம் உடலுக்குள்ளே ஒரு கடிகாரம் இருக்கிறது என்பதையும், இரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் அது உடலின் வெப்பத்தையும் விழிப்பையும் மிகவும் தாழ்த்திவிடுகிறது என்பதையும் அறிவியல் கண்டுள்ளது. பகலில் எவ்வளவு படுத்தாலும் அந்த நேரத்தின் அசதி முழுதும் விலகுவதில்லை.

ஜோன்சின் பயணத்துக்கு மீள்வோம். இயற்பியல் மாணவன் ஆகையால் சிறிது கணக்குப் போட்டுப் பார்த்தேன். கால அட்டவணைப்படி வண்டி கேன்டனை 4.05 மணிக்கு அடைய வேண்டும். 188 மைல் என்பது ஏறத்தாழ 302 கிலோமீட்டர். அட்டவணையின் சராசரி வேகம் மணிக்கு 62 கிலோமீட்டர் அளவே. 12.50க்குக் கிளம்பி 4.05க்குச் சேர வேண்டுமானால், நிற்கும் நேரத்தையும் சேர்த்துச் சராசரியாக மணிக்கு 93 கிலோமீட்டர் ஓட்டியாக வேண்டும். மூடுபனியில், நள்ளிரவில், நீராவி எஞ்சினில்!

அதை அவர் ஏறக்குறையச் செய்தும் காட்டினார். நூறு மைல் கடந்து கிரெனடா வந்தபோது 95 நிமிடத் தாமதத்தில் 55 நிமிடத்தை ஈடுகட்டியிருந்தார். டுராண்ட் வந்தபோது ஏறக்குறைய அட்டவணைக்குள் வந்துவிட்டார். குட்மன் நிலையத்தில் எதிர்வண்டிக்கு வழிவிட்டு, ஐந்து நிமிடத் தாமதத்தோடு மீண்டும் கிளம்பினார். மீதியிருந்தது சுமார் 25 மைல் நல்ல பாதை. நீர்த்துளி வழியும் கண்ணாடிக்கு அப்பால் இருளைப் பார்த்துக்கொண்டு, கொப்பறையின் அனல் ஒரு பக்கமும் ஈரக்காற்று மறுபக்கமும் தாக்க அவர் நின்ற நிலையை நினைத்துப் பார்க்கிறேன்.

வாகன் என்பது கேன்டனுக்கு வடக்கே ஒரு சிறு நிலையம். அங்கே 83 எண்ணும் 72 எண்ணும் கொண்ட இரண்டு சரக்கு வண்டிகள் பக்கப்பாதையில் ஒதுங்கி நின்றன. இரண்டும் சேர்ந்தால் அப்பாதையைவிட நீளம். ஆகவே ஒரு முனையில் வண்டி வரும்போது மறுமுனைக்கு நகர்ந்தும், மறுமுனையில் வரும்போது இம்முனைக்கு நகர்ந்தும் பிரதான பாதையைத் திறந்துவிட வேண்டும். அன்றிரவு ஏற்கெனவே சில வண்டிகளுக்கு அவ்வாறே வழிவிட்டிருந்தார்கள். ஜோன்சின் வண்டிக்காக நகரத் தொடங்கியபோது 72ஆம் எண் வண்டியின் காற்றுக்குழாய் வெடித்தது. பிரேக் தானாகவே பூட்டிக்கொண்டது. வண்டிகள் அசைய மறுத்தன. 83ஆம் எண் வண்டியின் கடைசி நான்கு பெட்டிகள் பிரதான பாதையிலேயே நின்றுவிட்டன.

மணி 3.52. ஜோன்சின் வண்டி மணிக்கு 75 மைல், அதாவது 120 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றரை மைல் நீளமுள்ள இடப்பக்க வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் அமர்ந்திருந்த டிரைவரின் பார்வையைக் கொப்பறையே மறைத்தது. இடப்பக்கம் இருந்த சிம் வெப்தான் முன்னால் நின்ற கார்டு வண்டியின் சிவப்பு விளக்குகளை முதலில் கண்டு கத்தினார். ஜோன்ஸ் அவரைக் குதிக்கச் சொன்னார். மோதலுக்கு ஏறத்தாழ 300 அடி முன்னால் வெப் குதித்தார். விழுந்த வேகத்தில் நினைவிழந்தார்.

ஜோன்ஸ் குதிக்கவில்லை. பிரேக்கைப் பிடித்து, எஞ்சினைப் பின்னோக்கித் திருப்பி, கடைசி நொடிவரை போராடினார். எஞ்சின் மரத்தாலான கார்டு வண்டியைப் பிளந்து, வைக்கோல் ஏற்றிய பெட்டியையும் மக்காச்சோளம் ஏற்றிய பெட்டியையும் ஊடுருவி, மரம் ஏற்றிய பெட்டியின் பாதிவரை சென்று தடம் புரண்டது. மோதும்போது வேகம் 35 மைல் அளவுக்குக் குறைந்திருந்தது என்கிறார்கள். வேகம் பாதியானதே பெரிது என்று தோன்றும். ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது அல்லவா? அதன்படி பார்த்தால் வண்டியின் ஆற்றலில் நான்கில் மூன்று பங்குக்கும் மேலே அவர் அழித்துவிட்டிருந்தார். பயணிகளில் ஒருவர்கூட இறக்கவில்லை. இறந்தவர் அவர் ஒருவரே. வயது 37. குறித்த நேரத்தோடு ஒப்பிட்டால், தாமதம் இரண்டே நிமிடம்.

இவ்விடத்தில் கட்டுரையை முடித்துவிட்டால் அழகான தியாகக் கதை கிடைக்கும். ஆனால் விசாரணை என்று ஒன்று நடந்தது. எச்சரிக்கைக் கொடி பிடிக்கச் சென்ற ஊழியர் போதிய தூரம் பின்னால் சென்று தண்டவாளத்தில் வெடிகளைப் பொருத்தியதாகவும், விளக்கை அசைத்ததாகவும், அவற்றை ஜோன்ஸ் பொருட்படுத்தவில்லை என்றும், விபத்துக்கு முழுப் பொறுப்பும் ஜோன்சுடையதே என்றும் கம்பெனி முடிவு கட்டியது. உயிர் பிழைத்த வெப் பிற்காலத்தில் அதை மறுத்தார். விளக்கும் காணவில்லை, வெடியும் கேட்கவில்லை என்று கூறினார். இருவரில் யார் சொல்வது மெய் என்று 120 ஆண்டுக்கும் மேலாக வாதம் நடந்துவருகிறது. ஜோன்ஸ் கண்ணயர்ந்தார் என்று நான் சொல்லவில்லை. வெப் கத்தியதும் அவர் செய்த செயல்கள் விழித்திருந்தவனின் செயல்களே. ஆயினும் விழித்திருப்பது வேறு, கூர்மையாக விழித்திருப்பது வேறு. 120 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு வண்டி 33 மீட்டர் ஓடுகிறது. களைத்த மூளை மூன்று நொடி தாமதித்தால் நூறு மீட்டர் போய்விடும். வெப் குதித்த இடத்துக்கும் கார்டு வண்டிக்கும் இடையே இருந்தது ஏறத்தாழ அவ்வளவுதான்.

போன ஆண்டு தை மாதத்தில் என் அப்பாவின் லாரி விடியற்காலை நான்கு மணி அளவில் சாலை நடுவில் இருக்கும் தடுப்பில் ஏறி நின்றது. நெற்றியில் பதினொரு தையல். வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை. டிரைவர் தூங்கிவிட்டார் என்று காகிதத்தில் எழுதி, சேதத்துக்குச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். எத்தனை இரவு தொடர்ந்து ஓட்டினார் என்ற கேள்வி அந்தக் காகிதத்தில் இல்லை. முன்பெல்லாம் வண்டியில் ஒரு கிளீனர் இருப்பார், பேச்சுக் கொடுப்பார், இடப்பக்கம் பார்த்துச் சொல்வார். இப்போது செலவைக் குறைக்க அப்பா தனியாகத்தான் போகிறார். சிம் வெப்பின் இருக்கை காலி. அதனால் அப்பா வெளியூர் போகும் நாள்களில் நான் அலாரம் வைத்து மூன்று மணிக்கு எழுந்து போன் செய்கிறேன். மணி அடித்ததும் அவர் வண்டியை ஓரங்கட்டி டீக்கடையில் நிறுத்திவிட்டுத் திரும்ப அழைப்பார். அதன்பின் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. படித்தாயா என்பார், படித்தேன் என்பேன்.

ஜோன்ஸ் இறந்த காலத்தில் இரயில் தொழிலாளர் இத்தனை மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்ற சட்டம் அமெரிக்க நாடு முழுமைக்கும் இருக்கவில்லை. 1907ஆம் ஆண்டுதான் அந்நாட்டு நாடாளுமன்றம் அப்படி ஒன்றை இயற்றியது. தொடர்ந்து 16 மணி நேரத்துக்குமேல் வேலை வாங்கக் கூடாது. அவ்வளவு வேலை செய்தவருக்குப் பத்து மணி நேரம் ஓய்வு தர வேண்டும். பதினாறு மணி என்பது வரம்பாம்! 1916இல் வந்த இன்னொரு சட்டம் எட்டு மணி நேரத்தை ஒரு நாள் வேலையாகக் கணக்கிட வைத்தது. நம் நாட்டில் 1973ஆம் ஆண்டு எஞ்சின் ஓட்டும் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபிறகுதான் பத்து மணி நேர வேலை என்ற கோரிக்கையை அரசு ஏற்றது. 2024 ஜூன் மாதம் தென்னக இரயில்வேயின் டிரைவர்கள் வார ஓய்வு 30 மணி நேரம் என்பதை வழக்கமான 16 மணி ஓய்வுக்குமேல் தனியாகக் கணக்கிட்டு 46 மணி தர வேண்டும் என்று போராடியது நாம் அறிந்ததே. உறக்கத்தைக் கேட்டுப் போராட வேண்டியிருக்கிறது என்பதே எனக்கு விந்தையாக இருக்கிறது.

ஜோன்சின் பெயர் நிலைத்ததற்குக் காரணம் சட்டமும் இல்லை, அறிக்கையும் இல்லை, ஒரு பாட்டு. கேன்டன் பணிமனையில் எஞ்சின் துடைக்கும் வேலை செய்த வாலஸ் சாண்டர்ஸ் என்ற கறுப்பினத் தொழிலாளி தம் நண்பரைப் பற்றி வேலையோடு வேலையாகப் பாடித் திரிந்தார். அது வாய்வழியே பரவி, வேறு ஆள்களின் கைக்குப் போய், 1909இல் அச்சேறி, நாடெங்கும் ஒலித்தது. பாட்டை விற்றவர்கள் ஜோன்சின் மனைவியைப் பற்றிப் பொய்யான ஓர் இழிசொல்லையும் அதில் சேர்த்துவிட்டார்கள். ஜேனி தம் எஞ்சிய வாழ்நாளெல்லாம் அதை மறுத்துக்கொண்டே இருந்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. கணவர் இரண்டு தொழிற்சங்கங்களில் செலுத்தியிருந்த காப்பீட்டிலிருந்து மொத்தம் 3,000 டாலர் அவருக்குக் கிடைத்தது. அதற்குமேல் அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஓய்வூதியம் என்பது அப்போது இல்லை. 1950இல் அமெரிக்க அரசு இரயில் டிரைவர்களைச் சிறப்பித்து ஜோன்சின் உருவத்தோடு மூன்று சென்ட் அஞ்சல் தலை வெளியிட்டது. ஜாக்சனில் அவர் வாழ்ந்த வீடு 1956இல் அருங்காட்சியகம் ஆனது. ஜேனி 1958ஆம் ஆண்டு, தொண்ணூறு வயதைக் கடந்து காலமானார். அதற்கு ஓராண்டுக்கு முன்பு சிம் வெப் மறைந்தார். குதித்ததில் உடம்பெல்லாம் பட்ட காயத்துக்காகக் கம்பெனி அவருக்குக் கொடுத்தது ஐந்து டாலர்.

382ஆம் எண் எஞ்சினைப் பழுது பார்த்து மறுபடியும் ஓடவிட்டார்கள். வேறு டிரைவர்கள் அதை ஓட்டினார்கள். 1935இல்தான் அதை உடைத்துப் பழைய இரும்பாக்கினார்கள்.